சலம் அடக்க முடியவில்லை, எந்தக் குளிசை நல்லது?

கேள்வி: "வயது 46, பெண். சலம் வருகிறது என்று தெரிந்தால் அடுத்த நிமிடமே போயாக வேண்டும். தும்மினாலும் கொஞ்சம் கசிகிறது. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு பஸ் ஏறுவதென்றால் மத்தியானத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுவேன். இது வயதால் வருவதா? நல்ல குளிசை இருந்தால் பெயர் சொல்லுங்கள்."

குளிசையின் பெயர் சொல்ல மாட்டேன். ஏன் என்பது கீழே வரும். என் வீட்டுக்காரர் இதை வாசித்தால் இரண்டு நாளைக்குப் பேச மாட்டார், பரவாயில்லை.

நான் ரீச்சர். வீடு களுவாஞ்சிகுடிப் பக்கம், பள்ளிக்கூடம் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில். குருமண்வெளித் துறையில் பாதை ஏறித்தான் மண்டூருக்குப் போவேன். (வேறு ஊர்க்காரருக்கு: பாதை என்றால் ரோட்டு இல்லை. ஆட்களையும் மோட்டார்சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை.) எனக்கு 49 வயதில் இந்த வருத்தம் பிடிபட்டது அந்தத் துறையடியில்தான். வீட்டில் போய்விட்டுத்தான் வெளிக்கிடுவேன். துறையில் வந்து நின்று, அலை பலகையில் அடிக்கிற சத்தம் காதில் விழுந்ததும் அடிவயிறு இறுகும். பார்த்தால் பாதை அக்கரையில் நிற்கும். ஒருநாள் நடு வாவியில் சாறி நனைந்தே விட்டது. நல்லகாலம், அன்றைக்கு மழை. எல்லாரும் நனைந்துதான் நின்றார்கள்.

பிறகு நானும் நீங்கள் செய்வதையே செய்தேன். காலையில் தண்ணீர் இல்லை, பள்ளியிலும் இல்லை. ஆனால் தேத்தண்ணியை மட்டும் விடவில்லை, ஆசிரியர் அறையில் அது இல்லாமல் இடைவேளையே கிடையாது. இரண்டு மாதத்தில் சலக்கடுப்பு வந்தது, மலச்சிக்கல் வந்தது, அவசரமும் கூடியது. தண்ணீர் குறைந்தால் சலம் தடித்துப்போய் சலப்பையை இன்னும் உறுத்தும் என்பதும், குடல் நிறைந்து கிடந்தால் அது சலப்பையை நெருக்கும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. எங்கள் வெயிலில் ஐந்து பாடம் கத்திக் கத்திப் படிப்பிக்கிற ஒருத்தி தண்ணீரை நிறுத்துவது மடத்தனம். ஒன்றரை லீற்றருக்குக் குறையாமல் குடியுங்கள். குறைக்க வேண்டியது தேத்தண்ணி, கோப்பி. நான் ஐந்தை இரண்டாக்கினேன். முதல் வாரம் தலையிடி, அதுக்குப் பிறகு ஒன்றுமில்லை.

கிளினிக்கில் டொக்டர் முதலில் சலத்தையும் சீனியையும் சோதித்தார். கிருமியும் இல்லை, சீனியும் இல்லை. அடுத்ததாக அவர் கேட்டது ஒரு கொப்பி. மூன்று நாளைக்கு என்ன குடித்தேன், எத்தனை மணிக்குப் போனேன், எவ்வளவு போனது, எப்போது கசிந்தது என்று எழுதி வரச் சொன்னார். அளவுக்கோடு போட்ட பழைய பிளாஸ்டிக் ஜக் ஒன்றை டொய்லெட்டில் வைத்தேன். ("இதில பாயாசம் ஊத்திராதீங்க" என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வைக்க வேண்டியிருந்தது.) பகலில் பன்னிரண்டு தரம் போயிருக்கிறேன். 90 மில்லிலீற்றர், 120, 80 என்று கோழி குடிக்கிற அளவு. விடிய எழும்பிப் போனதோ 380.

டொக்டர் அந்த 380ஐ வட்டம் போட்டார். வளர்ந்த ஆளின் சலப்பை 400, 500 வரை கொள்ளும், 150, 200 அளவில் முதல் செய்தி அனுப்பும். என் சலப்பை இரவில் ஒழுங்காகக் கொள்கிறது, ஆகவே பை சிறுத்துப்போகவில்லை. பகலில் அதன் தசை நேரத்துக்கு முன்னமே இறுகுகிறது. "எதுக்கும் ஒருக்காப் போய்ட்டு வருவம்" என்று வருடக்கணக்கில் 90க்கும் 80க்கும் ஓடி ஓடி நானே அதைப் பழக்கியும் விட்டிருக்கிறேன். வாவிச் சத்தம், வீட்டுக் கேற், சாவியைக் கையில் எடுப்பது எல்லாம் அதுக்கு மணி அடித்த மாதிரி.

தும்மும்போது கசிவது வேறு கதை. அது பையின் குற்றமில்லை. கீழே தாங்கிப் பிடிக்கிற தசைகள் பிள்ளைப்பேறுகளாலும், மாதவிடாய் நின்ற பிறகும் தளர்ந்து போவதால் வருவது. எனக்கு அவசரம், தும்மல் கசிவு இரண்டும் இருந்தது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. வயது ஒரு காரணம்தான், ஆனால் வயது வந்தால் இப்படித்தான் என்று விட்டுவிடுகிற விஷயமில்லை. என் அம்மா கடைசி வரைக்கும் பழைய சீலைத் துண்டை மடித்து வைத்துக்கொண்டே கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போனா. யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை.

இனி வீட்டுக்காரரின் கதை. அவர் பென்சன்காரர். இரவில் நாலு தரம் எழும்புவார், போய் நின்றால் வர நேரமெடுக்கும், வந்தாலும் நூல் மாதிரி. "சீனி கூடியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே சோதிக்காமல் இருந்தார். எனக்கு டொக்டர் சலப்பைத் தசையைத் தளர்த்துகிற குளிசை ஒன்று தந்திருந்தார். நானும் அவரும் ஓடுவது ஒரே டொய்லெட்டுக்கு, ஆகவே ஒரே வருத்தம் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். எனக்குச் சொல்லாமல் மூன்று இரவு என் குளிசையை விழுங்கினார். நாலாம் நாள் விடிய ஒரு சொட்டும் வரவில்லை. வயிறு பறை மாதிரி வீங்கி, வேர்த்து ஒழுகி, ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். டியூப் போட்டார்கள், ஒரு லீற்றருக்குக் கிட்ட வந்தது. என்ன மருந்து எடுத்தீர்கள் என்று கேட்டபோது மனிசன் என் முகத்தைப் பார்த்தார். "உன்ட குளிசைதான்."

அவருக்கு இருந்தது புரொஸ்டேட் (ஆம்பிளைகளுக்குச் சலப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி) வீக்கம். வழி நெரிந்து கிடந்ததால் பை முழுதாகக் காலியாவதே இல்லை, நிரம்பி வழிந்துகொண்டிருந்திருக்கிறது. அப்படிப்பட்ட பையின் தசையை இன்னும் தளர்த்தினால் தள்ளுகிற பலமும் போய்விடும். அவருக்கு வேறு மருந்து கொடுத்தார்கள், கட்டிலில் இருந்து மெதுவாக எழும்பச் சொன்னார்கள், பிரஷர் சடாரென்று இறங்கும் என்று. இதுதான் நான் பெயர் எழுதாததுக்குக் காரணம். எழுதினால் நாளைக்கு யாரோ ஒருவர் பாமசியில் போய் அதைக் கேட்பார்.

எனக்கும் அந்தக் குளிசை சரிவரவில்லை. வாய் காய்ந்து, கரும்பலகைக்கு முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது, மலச்சிக்கலும் திரும்பியது. வயதானவர்களுக்கு மறதி, தடுமாற்றம்கூட வரலாமாம். வாய் காயாத வேறு வகையும் இருக்கிறது, ஆனால் அது சிலருக்கு பிரஷரைக் கூட்டும்.

என்னைக் காப்பாற்றியது பயிற்சி. பிசியோ மிஸ் சின்னப் பிள்ளை, கூச்சமே இல்லை: "கோயில் சனத்துக்குள்ள நிக்கக்குள்ள காத்து வந்தா என்ன செய்வீங்க ரீச்சர்? அதத்தான் செய்யச் சொல்றன்." மலவாசலை இறுக்கி உள்ளே மேலே இழுப்பது. வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. ஒருதரத்துக்கு எட்டு, பத்துத் தடவை, ஒவ்வொன்றும் பத்து எண்ணும் வரை, நாளைக்கு மூன்று வேளை. முதலில் எனக்கு மூன்று எண்ணவே ஏலவில்லை. சலம் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகாதீர்கள், அது பயிற்சி இல்லை. 1948இல் ஆர்னோல்ட் கெகல் என்கிற அமெரிக்க டொக்டர் எழுதிய முறை, புரொஸ்டேட் ஒப்பரேஷன் முடிந்த ஆண்களுக்கும் இதையே சொல்லிக் கொடுக்கிறார்கள். மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். ஆறாவது கிழமை ஒன்றும் நடக்கவில்லை என்று நான் அழுதேன், உண்மையாகவே. தும்மல் வரும்போதும் வாளி தூக்கும்போதும் முதலில் இறுக்கிவிட்டுப் பிறகு தும்முவதும் தூக்குவதும் தானாக வந்தது மூன்றாம் மாதத்தில்தான்.

அவசரத்துக்கு வேறு பழக்கம். முடுக்கினதும் ஓடாமல் நின்ற இடத்தில் நில்லுங்கள், முடிந்தால் இருங்கள். ஐந்தாறு தரம் கெதியாக இறுக்கி விடுங்கள். அலை மாதிரி அது ஏறி இறங்கும், இறங்கின பிறகு நடந்து போங்கள். நான் ஒரு மணித்தியாலத்துக்கு ஒருதரம் என்று தொடங்கி, கிழமைக்குக் கால் மணித்தியாலம் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது மூன்று மணித்தியாலம் தாங்கும்.

சலத்தில் இரத்தம், காய்ச்சலோடு நாரி நோவு, ஒரு சொட்டும் வராமை, தொடையிடுக்கு மரத்து கால் பலமிழப்பது, இவற்றில் எது வந்தாலும் கொப்பி எழுதிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கொழும்புக்கு முடிந்தால் ரயிலில் போங்கள், அதில் டொய்லெட் இருக்கிறது. பஸ் என்றால் மத்தியானம் வழமைபோலக் குடியுங்கள், ஏறுவதற்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முன் மட்டும் குறைத்தால் போதும். தேத்தண்ணி வேண்டாம். ஏறும்போதே கொண்டக்டரிடம் "தம்பி, எனக்கு வருத்தம், இடையில ஒருக்கா நிப்பாட்ட வேணும்" என்று சொல்லி வையுங்கள். நான் சொல்லிவிட்டு இருந்த ஒருநாள், பொலன்னறுவை தாண்டி நிறுத்தினதும் எனக்கு முன்னமே நாலு ஆம்பிளைகள் இறங்கி ஓடினார்கள்.