கழுத்தை இறுக்கும் சங்கிலி வேண்டாம்

கேள்வி: எங்கள் லேப்ரடாருக்கு ஒரு வயது. வெளியே கூட்டிப்போனால் என்னை இழுத்துக்கொண்டு ஓடுகிறது, தெரு நாய்களைப் பார்த்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கழுத்தை இறுக்கும் சங்கிலி வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: தயவுசெய்து வாங்காதீர்கள் அம்மா. மூச்சுக்குழாயில் காயம் படலாம், அதோடு தெரு நாயைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்து வலித்தால், வலிக்குக் காரணம் அந்த நாய்தான் என்று பழகி இன்னும் மூர்க்கமாகக் குரைக்கும். நெஞ்சுப் பக்கம் வளையம் உள்ள ஹார்னஸ் (உடம்பைச் சுற்றி மாட்டும் பட்டை), 6 அடி லீஷ் (கையில் பிடிக்கும் கயிறு), இது போதும்.

இழுத்தால் நினைத்த இடத்துக்குப் போய்ச் சேர முடிகிறது, அதனால்தான் இழுக்கிறது. லீஷ் இறுகியதும் அப்படியே நின்றுவிடுங்கள், திட்டவும் வேண்டாம், பதிலுக்கு இழுக்கவும் வேண்டாம். அது திரும்பிப் பார்த்து லீஷ் தளர்ந்ததும் உங்கள் கால் பக்கத்திலேயே வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு நடையைத் தொடருங்கள். முதலில் வீட்டுக்குள், அப்புறம் மொட்டை மாடி, கடைசியில்தான் தெரு. வீட்டில் எல்லோரும் இதையே செய்ய வேண்டும், ஒருவர் இழுக்க விட்டாலும் பழக்கம் கெட்டுவிடும்.

தெரு நாய் தூரத்தில் தெரியும்போதே, உங்கள் நாய் குரைக்க ஆரம்பிக்கும் முன்பே, ஒரு துண்டு கொடுத்து எதிர்ப்பக்கம் திரும்பிவிடுங்கள். உங்கள் அல்சூர் ஏரியை ஒட்டிய தெருக்களில் விடியற்காலையில் கூட்டம் குறைவாக இருக்கும், அப்போது போங்கள். வழியில் அது நின்று மோப்பம் பிடித்தால் அவசரப்படுத்தாதீர்கள், பாவம், அதற்காகத்தானே வெளியே வருகிறது! திராட்சை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அது நஞ்சு.