பதிவேட்டில் தொடங்கியது: ரோமா, சிந்தி இனப்படுகொலை பற்றிய கேள்வி பதில்

கே: ரோமா, சிந்தி மக்களை ஜிப்சி என்றே எழுதலாமா ஐயா?

ப: தவிர்ப்பது நல்லது. எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று தப்பாக நினைத்து வெளியார் வைத்த பெயர் அது. ஜெர்மன் பேசும் பகுதிகளில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்தவர்கள் சிந்தி. கிழக்கு, தென்கிழக்கு ஐரோப்பாவில் பெரும்பாலும் ரோமா. இவர்கள் மொழியான ரோமானியின் வேர் வட இந்தியாவில் இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்றுக்கு யேக், துய், த்ரின் என்பார்கள்.

கே: சொந்த வீடு, வேலை என்று ஊரோடு ஊராக இருந்தவர்களை ஹிட்லரின் நாஜி அரசு எப்படிக் கண்டுபிடித்தது?

ப: 1936இல் ராபர்ட் ரிட்டர் என்ற மனநல மருத்துவரின் கீழ் இதற்கென்றே ஓர் ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். அவருடைய ஆட்கள் தலையை அளந்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், கண் நிறத்தைக் குறித்தார்கள். உதவியாளர் ஏவா யுஸ்டின் ரோமானி பேசியே குடும்பங்களின் நம்பிக்கையைப் பெற்றார். வாயால் சொன்ன உறவுமுறையை தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு, போலீஸ் கோப்பு இரண்டோடும் ஒப்பிட்டு வம்சாவளி வரைந்தார்கள். இப்படிச் சுமார் 24,000 மதிப்பீடுகள். கலப்பு வம்சத்தாரே அதிக ஆபத்து என்பது ரிட்டரின் வாதம். பட்டியலில் பெரும்பாலோர் அந்த வகைதான். 1939 அக்டோபரில் இவர்களில் யாரும் இருப்பிடத்தை விட்டு நகரக்கூடாது என்று உத்தரவு வந்தது. 1942 டிசம்பர் 16இல் நாஜி போலீஸ் தலைவர் ஹிம்லர் போலந்திலிருந்த ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பச் சொன்னபோது போலீஸ் கையில் பெயரும் முகவரியும் தயார்.

கே: அங்கே குடும்பம் குடும்பமாகத்தானே வைத்தார்கள்? சலுகையா?

ப: இல்லை. ஆஷ்விட்ஸின் பகுதியான பிர்கெனாவில் குதிரை லாயம் போன்ற மரக் கொட்டகைகள். பசி, டைபஸ், குழந்தைகளின் கன்னத்தை அழுகவைக்கும் நோமா. சுமார் 23,000 பேர் போய், ஏறத்தாழ 21,000 பேர் மாண்டார்கள். வேலைக்கு ஆகிறவர்களை வேறு முகாம்களுக்குப் பிரித்து அனுப்பிவிட்டு, எஞ்சிய 4,200க்கும் மேற்பட்டவர்களை 1944 ஆகஸ்ட் 2 இரவு விஷவாயுவில் கொன்றார்கள்.

கே: பெயர்கள் எப்படித் தெரியவந்தன?

ப: முகாம் அலுவலகத்தில் வேலை செய்த போலந்துக் கைதிகள் ஆண், பெண் பேரேடுகள் இரண்டையும் துணியில் சுற்றி, வாளியில் வைத்துப் புதைத்தார்கள். 1949இல் தோண்டியபோது ஈரத்தில் பல பக்கங்கள் அழிந்திருந்தன. ஆனாலும் 20,943 பதிவுகள். போலந்தின் பியாவிஸ்தோக்கிலிருந்து வந்த சுமார் 1,700 பேர் இதில் இல்லை; டைபஸ் சந்தேகத்தில் பதியாமலே கொன்றுவிட்டார்கள்.

கே: மொத்தம் எத்தனை பேர்? ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்களே.

ப: 2 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை சொல்கிறார்கள். ரயிலில் ஏற்றிய இடங்களில் எண்ணிக்கை துல்லியம்: ஆஸ்திரியாவிலிருந்து 1941 நவம்பரில் போலந்தின் வூட்ஜ் நகரில் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோவுக்கு 5,007 பேர். சோவியத் பகுதிகளிலும் செர்பியாவிலும் ஊரோரக் குழிகளில் சுட்டார்கள். அங்கே பேரேடு ஏது?

கே: போருக்குப் பின் நஷ்டஈடு கிடைத்ததா?

ப: மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 1956இல், 1943க்கு முந்தைய நாடுகடத்தல் இனவெறியால் அல்ல, குற்றத் தடுப்பு என்றது. 1940 மே மாதம் போலந்துக்குத் துரத்தப்பட்ட 2,500 பேருக்குக் கதவு மூடியது. 1963இல் ஓரளவு திருத்தினார்கள். அரசு இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டது 1982இல், ஹெல்முட் ஷ்மிட் காலத்தில்.

கே: ரிட்டருக்கு என்ன தண்டனை?

ப: ஒன்றுமில்லை. 1947இல் ஃபிராங்க்பர்ட் நகர சுகாதாரத் துறையில் மருத்துவராகச் சேர்ந்தார். மறு வருடம் யுஸ்டினுக்கும் அங்கேயே வேலை கிடைத்தது.