ஜெர்மன் மெஷினா, சீன மெஷினா? பட்டறைக்காரர் பதில்கள்

செயின்சா என்னும் மரம் அறுக்கும் மெஷினைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஐயா, பல வருடமாக ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 260 செயின்சா வைத்து வேலை பார்க்கிறேன். அது இனி வராது, எம்எஸ் 261 சி-எம்தான் என்கிறார்கள். உண்மையிலேயே மாற்றம் இருக்கிறதா, பெயரை மாற்றி விற்கிறார்களா? அது ஜெர்மனியில்தான் செய்யப்படுகிறதா?

026 என்று இருந்தது எம்எஸ் 260 ஆனபோது நீங்கள் இப்படிக் கேட்டிருந்தால், பெரும்பாலும் பெயர்தான் மாறியது என்று சொல்லியிருப்பேன். 261 அப்படி இல்லை, இன்ஜினே வேறு. பழைய டூ-ஸ்ட்ரோக்கில், உள்ளே வரும் புதுப் பெட்ரோல் கலவைதான் எரிந்த புகையை வெளியே தள்ளும். தள்ளுகிற அவசரத்தில் கலவையில் ஒரு பங்கு எரியாமலேயே சைலன்சர் வழியாகப் போய்விடும். 261-ல் முதலில் வெறும் காற்று ஓர் அடுக்காக வந்து புகையைத் துரத்துகிறது, கலவை அதன் பின்னால்தான் வருகிறது. எரிபொருள் 20 சதவீதம் வரை மிச்சம் என்பது கம்பெனிக் கணக்கு. உங்கள் பெட்ரோல் மேல் உள்ள அக்கறையில் இதைச் செய்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புகை விதிகள் இறுகியதுதான் காரணம். எப்படி வந்தாலும் லாபம் நமக்கு. சக்தி சுமார் 2.6 கிலோவாட்டிலிருந்து 3.0-க்கு ஏறியிருக்கிறது. எடை, பாரும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) செயினும் இல்லாமல் 4.9 கிலோ. கையில் பெரிய வித்தியாசம் தெரியாது.

கடைசியில் நிற்கும் 'எம்', எம்-ட்ரானிக். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில், கலவையைக் கையால் திருகிச் சரிசெய்யும் எல் (மெதுவேகம்), எச் (முழுவேகம்) ஸ்க்ரூ இரண்டும் கிடையாது. மின்காந்த வால்வு ஒன்று நிமிடத்துக்கு நிமிடம் கலவையைச் சரிசெய்துகொள்ளும். மலை மேல் ஏறினாலும், வெயில் கொளுத்தினாலும், ஏர் ஃபில்டரில் தூசி ஏறினாலும் அதுவே சமாளிக்கும். ஸ்வீடன் கம்பெனியான ஹஸ்க்வர்னாவில் இதே வேலைக்கு ஆட்டோட்யூன் என்று பெயர். ஸ்க்ரூடிரைவரை வைத்தே பிழைத்த என்னைப் போன்றவர்களுக்கு இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. ஆனால் நியாயத்தைச் சொல்ல வேண்டும். பிஸ்டன் கீறிப்போய் என் மேஜைக்கு வரும் பழைய மெஷின்களில், "இன்னும் கொஞ்சம் வேகம் வரட்டுமே" என்று யாராவது எச் ஸ்க்ரூவை இறுக்கி வைத்திருப்பார்கள். பெட்ரோல் குறைந்தால் அதோடு வரும் ஆயிலும் குறையும், அப்புறம் சிலிண்டர் என்ன செய்யும்? எம்-ட்ரானிக்கில் அந்தக் கைவரிசைக்கு இடமே இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: கோளாறு வந்தால் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கும் வசதி உள்ள சர்வீஸ் ஆள் பக்கத்தில் இருக்கிறாரா? இல்லையென்றால் நல்ல நிலையில் உள்ள 260-ஐ விற்காதீர்கள்.

இனி ஜெர்மனி விஷயம். ஸ்டில் கம்பெனி 1926-ல் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கியது. தலைமையகம் பக்கத்திலேயே வைப்ளிங்கனில் இருக்கிறது, அங்கே தொழிற்சாலையும் உண்டு. ஆனால் 1970-களிலேயே பிரேசிலிலும் அமெரிக்காவின் வர்ஜீனியா பீச்சிலும் உற்பத்தி தொடங்கிவிட்டது. பிற்பாடு சீனாவின் சிங்டாவோவும் சேர்ந்தது. செயின் சுவிட்சர்லாந்தின் வில் ஊரில் செய்கிறார்கள். கார்புரேட்டர் செய்யும் ஜமா கம்பெனியை 2008-ல் ஸ்டில்லே வாங்கிவிட்டது, அதன் ஆலைகள் ஆசியாவில். அப்படியானால் 'ஜெர்மன் மெஷின்' என்று நீங்கள் கையில் பிடித்திருப்பதில் எத்தனை நாடுகள் இருக்கின்றன, பாருங்கள். எந்த நாட்டு ஸ்டிக்கர் என்று மூடியைத் திருப்பிப் பார்க்கும் நேரத்தில் அது எந்த வகை மெஷின் என்று பாருங்கள். ஆயுளை நிர்ணயிப்பது அதுதான்.

கேள்வி: எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாக் கடையிலும் 'புரொஃபஷனல்' என்றுதானே சொல்கிறார்கள்?

சொல்லத்தான் செய்வார்கள். இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸைப் பாருங்கள். தொழில்முறை மெஷினில் அது மக்னீசியத்தில் வார்த்தது, நடுவில் நெடுக்காகப் பிளந்து இரண்டு பாதியாகக் கழலும். சிலிண்டரைத் தனியாகக் கழற்றி மாற்றலாம். வீட்டு உபயோக மெஷினில் இன்ஜினைப் பெரும்பாலும் பிளாஸ்டிக் உடம்புக்குள் உட்கார்த்தியிருப்பார்கள். பிஸ்டனைத் தொட வேண்டுமென்றால் மொத்த இன்ஜினையும் வெளியே எடுக்க வேண்டும். அது மட்டமான மெஷின் என்று சொல்லவில்லை, வருடத்துக்கு நாலு கிளை வெட்டுகிறவருக்கு அது போதும். தினமும் எட்டு மணி நேரம் ஓட்டுகிறவருக்குத்தான் ஆகாது. ஹஸ்க்வர்னாவில் பெயரோடு 'எக்ஸ்பி' இருந்தால் தொழில்முறை வரிசை. 550 எக்ஸ்பி மார்க் 2 என்றால் அதே எண்ணில் வந்த இரண்டாம் தலைமுறை. பழைய 550-க்கு வாங்கி வைத்த உதிரிபாகம் இதற்குப் பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள், பாக எண்ணை ஒப்பிட்ட பிறகு வாங்குங்கள்.

கேள்வி: பழைய ஹஸ்க்வர்னா ஒன்று விலைக்கு வருகிறது. எந்த வருடம் செய்தது என்று தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். மிகப் பழையது அல்லாத மெஷின்களில், தகட்டில் உள்ள சீரியல் எண்ணின் முதல் நான்கு இலக்கம் வருடம், அடுத்த இரண்டு அந்த வருடத்தின் எத்தனையாவது வாரம் என்பது. 201812 என்று தொடங்கினால் 2018-ன் பன்னிரண்டாவது வாரம். விற்பவர் "போன வருடம்தான் வாங்கினேன்" என்று சொல்லும்போது தகட்டைத் துடைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஸ்டில் எம்எஸ் 500ஐ-யில் கார்புரேட்டரே இல்லையாமே? பேட்டரி தீர்ந்தால் காட்டுக்குள் என்ன செய்வது?

பேட்டரியே இல்லை, தீர்வதற்கு! கயிற்றை இழுக்கும்போது ஃப்ளைவீல் சுற்றுகிறதல்லவா, அதிலிருந்து வரும் மின்சாரத்திலேயே, கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலை அளந்து செலுத்தும் இன்ஜெக்‌ஷன் விழித்துக்கொள்கிறது. 2019-ல் வந்த இதுதான் மின்னணு எரிபொருள் இன்ஜெக்‌ஷன் உள்ள முதல் செயின்சா. சோக் கிடையாது. 79.2 சிசி, 5 கிலோவாட், எடை 6.2 கிலோதான். கிலோவாட்டுக்கு 1.24 கிலோ எடை. இந்தக் கணக்கைப் புது மெஷின் எதை வாங்கினாலும் போட்டுப் பாருங்கள், விளம்பரத்தில் வரும் மற்ற எண்களைவிட உபயோகமானது. ஆனால் வேகம் ஏறுவது மின்னல் மாதிரி. புதிதாகப் பழகுகிறவர் கையில் இதைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பெரிய கம்பெனி மெஷின் போலவே அச்சாக இருக்கும் சீனத் தயாரிப்பு பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பழைய மாடல்களின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் அச்சு அசலாகச் செய்கிறார்கள். நிறைய பாகங்கள் பொருந்தவும் செய்யும். பிரச்சினை நாடு இல்லை, பெரிய கம்பெனிகளே சீனாவில் செய்கின்றன என்று மேலேயே சொன்னேன். பிரச்சினை பேரிங், சிலிண்டரின் உள்பூச்சு, கிளட்ச் ஸ்பிரிங் என்று கண்ணுக்குத் தெரியாத இடங்களில். சில நன்றாகவே ஓடுகின்றன, சில முதல் டேங்கிலேயே சத்தம் போடுகின்றன. எது எப்படி அமையும் என்று யாராலும் சொல்ல முடியாது. வாங்கியே தீருவேன் என்றால் செயின் பிரேக்கை முதலில் சோதியுங்கள். பாரின் முனை எதிலாவது பட்டு மெஷின் நம் பக்கம் உதைத்து எழும்போது செயினை நிறுத்த வேண்டியது அதுதான். ஹஸ்க்வர்னா 1973-லேயே தானாகப் பிடிக்கும் பிரேக் கொண்டுவந்துவிட்டது. இன்றைக்கு ஒரு மெஷினில் அது சரியாகப் பிடிக்கவில்லையென்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் டோல்மர் இருக்கிறது. அந்தக் கம்பெனி என்ன ஆயிற்று?

ஹாம்பர்க்கில் 1927-லிருந்து மெஷின் செய்தவர்கள். 1991-ல் ஜப்பானின் மகிட்டா வாங்கியது. 2022-ல் மகிட்டா பெட்ரோல் இன்ஜின் உற்பத்தியையே நிறுத்திவிட்டு முழுக்க பேட்டரி பக்கம் போய்விட்டது. மெஷின் நன்றாக ஓடினால் ஓட்டுங்கள். கிளட்ச் டிரம், ஆயில் பம்ப், பிஸ்டன் செட் கிடைக்கும்போதே ஒரு ஜோடி வாங்கி வைத்துவிடுங்கள்.

கேள்வி: புது மெஷினுக்குப் பழைய பாரையும் செயினையும் மாட்டலாமா?

பாரில் அச்சிட்ட பிட்ச்சும் (செயின் கண்ணிகளின் இடைவெளி அளவு) கேஜும் (பாரின் பள்ளத்தில் ஓடும் கண்ணியின் தடிமன்) செயினோடும், அதைச் சுற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டோடும் ஒத்துப்போனால், பாரின் அடிப்பக்கத் துளைகளும் பொருந்தினால், பாரை மாட்டலாம். செயின் வேண்டாம். தேய்ந்து நீண்ட செயின் புது ஸ்ப்ராக்கெட்டின் பல்லைச் சீக்கிரமே தின்றுவிடும்.