ஜூன் 15 வரை பொறுக்கலாமா?

தம்பி, போன ஆகஸ்டில் நியூஜெர்சியிலிருந்து சிங்கப்பூர் வந்ததாகவும், வெளிநாட்டில் இருக்கும் அமெரிக்கக் குடிமக்களுக்கு அமெரிக்க வருமான வரிக் கணக்கை (ரிட்டர்ன்) கொடுக்க ஜூன் 15 வரை தானாகவே அவகாசம் கிடைப்பதால் ஏப்ரலில் எதுவும் செய்ய வேண்டாம்தானே என்றும் கேட்டிருந்தீர்கள். நான் இங்கே வந்து பதினான்கு வருஷம். முதல் வருஷம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஜூனில் ரிட்டர்னைப் போட்டு, பாக்கியையும் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஆகஸ்ட் மாதம் தோ பாயோ வீட்டுத் தபால் பெட்டியில் ஒரு வெள்ளை உறை. உள்ளே ஒரே தாள். ஏப்ரல் 15இலிருந்து நான் பணம் கட்டிய நாள் வரைக்கும் வட்டி, 41 டாலர். தொகை சின்னதுதான், ஆனாலும் ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) கடிதம் என்றதும் அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஜூன் 15க்குள் கட்டினால் அபராதம் வராது. வட்டி மட்டும் ஏப்ரல் 15இலிருந்தே ஓடும். அதனால் உத்தேசமாகக் கணக்குப் போட்டு ஏப்ரலிலேயே கட்டிவிடுங்கள். இங்கே சம்பளத்தில் மாதாமாதம் வரி பிடிக்க மாட்டார்கள், பணம் முழுசாகக் கைக்கு வந்துவிடும். ஐஆர்எஸ்ஸுக்கு, இங்குள்ள வரித்துறையான ஐராஸுக்கு என்று இரண்டு பங்கை நீங்களேதான் ஒதுக்கி வைக்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் ஜூன் 15இல் ரிட்டர்ன் போடுவதும் சரிவராது. இங்கே சம்பாதித்ததற்கு ஃபார்ம் 2555 வழியாக அமெரிக்க வரியிலிருந்து விலக்குக் கேட்க வேண்டுமே, அதற்குத் தொடர்ச்சியான 12 மாதத்தில் 330 முழு நாள்கள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்திருக்க வேண்டும். ஆகஸ்ட் 10 இறங்கினீர்கள் என்றால் 330 நிறைவது ஜூலை முதல் வாரத்தில்தான். அதற்கு முன்னால் விலக்குக் கேட்க முடியாது. ஆகவே கால நீட்டிப்புக் கேட்கும் ஃபார்ம் 4868 கொடுத்து அக்டோபர் 15 வரை தள்ளிக்கொள்ளுங்கள். ஐஆர்எஸ் இணையதளத்தில் டைரக்ட் பே வழியாக, காரணம் எக்ஸ்டென்ஷன் என்று தேர்ந்தெடுத்துப் பணம் கட்டினால் 4868ஐத் தனியாக அனுப்பவே வேண்டாம். கட்டும்போது வருஷம் 2025 (சம்பாதித்த வருஷம்) என்று இருக்கிறதா, ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். டைரக்ட் பேக்கு அமெரிக்க வங்கிக் கணக்கு வேண்டும். ஊரை விட்டு வந்தாயிற்றே என்று அதை மூடிவிடாதீர்கள், தயவுசெய்து.

2025க்கு விலக்கின் உச்சவரம்பு 1,30,000 டாலர். நீங்கள் ஆகஸ்டில்தான் வந்ததால் உங்களுக்கு அது நாள் கணக்கில் குறைந்துதான் வரும். சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி ஒப்பந்தம் கிடையாது, இங்கே வரியும் குறைவு. இங்கே கட்டிய வரியை அங்கே கழித்துக்கொண்டால் போதும் என்று லண்டன் நண்பர்கள் சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

டிபிஎஸ் வங்கியோ வேறெதுவோ, அமெரிக்காவுக்கு வெளியே உங்களுக்கு இருக்கும் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருஷத்தில் ஒரே ஒரு நாள் 10,000 அமெரிக்க டாலரைத் தாண்டியிருந்தாலும் எஃப்பார் (வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கை) தனியாகக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் வசிப்போர் ஊரில் வைத்திருக்கும் என்ஆர்ஓ வங்கிக் கணக்கும் இதில் சேரும். அதற்கும் தேதி ஏப்ரல் 15, அக்டோபர் 15 வரை தானாகவே நீளும்.

தீபாவளிக்கு மதுரை போய் வந்ததாக எழுதியிருந்தீர்கள். அங்கே இருந்த நாள்களும் 330இல் சேரும். கிறிஸ்துமஸுக்கு நியூஜெர்சி போயிருந்தால் அந்த நாள்கள் சேராது, ஜூலை தேதி அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். போர்டிங் பாஸ்களை எடுத்து வைத்துக்கொண்டு இன்றைக்கே எண்ணிப் பார்த்துவிடுங்கள்.