கால்புண் உள்ள இனிப்புநீர்க்காரர்கள் கூடிப் பேசினால் பயன் உண்டா?

சுங்கை சிப்புட்டில் இருக்கும் அப்பாவுக்கு இனிப்புநீரால், அதாவது சர்க்கரை நோயால், பாதம் மரத்துவிட்டது, அவரைப்போல நாலு பேர் கூடினால் பயன் உண்டா என்று கேட்கிறீர்கள். உண்டு. நரம்பு கெட்டால் வலி தெரியாது. செம்பனை முள் ஏறினாலும் ஆள் நடந்துகொண்டே இருப்பார். குனிய முடியாதவரின் உள்ளங்காலைப் பக்கத்து வீட்டுக்காரர் தினமும் பார்க்கலாமே: விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு, காய்ப்பு. பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டிப் போடும் பழக்கமும் இப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். இந்த நோயால் கால்விரலை வெட்டி எடுக்க நேர்ந்தவர் ஒருவர் வந்து பேசினால், டாக்டர் பத்து முறை சொன்னதைவிட உறைக்கும்.

வைத்தியம் மட்டும் அங்கே வேண்டாம். வெந்நீர் ஒத்தடம் என்று யாராவது கிளம்புவார். சூடு தெரியாத காலில் கொப்புளம்தான் மிச்சம். புண், வீக்கம் கண்டால் அன்றே கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள். காய்ச்சலோ கறுப்போ இருந்தால் நேரே பெரிய ஆஸ்பத்திரி.