'ஆஸ் இஸ்'ல வாங்கின டீசல் ட்ரக், முதல் பனியிலயே கியர்பாக்ஸ் போச்சு: கேஸ் போடலாமா?

அமெரிக்காவுல மிச்சிகன்ல இருந்து ஒரு தம்பி ரொம்ப நீளமா எழுதியிருக்காரு, சுருக்கி சொல்றேன். பனி தள்ளற வேலைக்கு சின்னதா ஒரு எல்எல்சி, அதாவது தனி கம்பெனி, வச்சிருக்காரு. அக்டோபர்ல ஒரு டீலர்கிட்ட 2015 மாடல் த்ரீ-க்வார்ட்டர் டன் டீசல் பிக்கப் 27,500 டாலருக்கு எல்எல்சி பேர்ல வாங்கியிருக்காரு. முன்னாடி எட்டடி ப்ளோ (பனி தள்ளற தகடு) மாட்டணும், வெயில் காலத்துல 11,000 பவுண்ட் ட்ரெய்லர் இழுக்கணும்னு வாங்கறதுக்கு முன்னாடியே மெசேஜ்ல கேட்டிருக்காரு. "தாராளமா இழுக்கும், கியர்பாக்ஸ் 8,000 மைலுக்கு முன்னாடிதான் முழுசா ரீபில்ட் பண்ணது"ன்னு பதில் வந்திருக்கு. முதல் பனியிலயே கியர் ஸ்லிப் ஆக ஆரம்பிச்சிருச்சு. டீலர் 'ஆஸ் இஸ்', அதாவது இருக்கற நிலைமையிலயே வாரண்டி இல்லாம விக்கறேன்ங்கற பேப்பர காட்டி சிரிச்சு அனுப்பிட்டானாம். ரெண்டு காண்ட்ராக்ட் கைவிட்டுப் போச்சு. ரிப்பேருக்கு 6,800 டாலர் எஸ்டிமேட், அடுத்த வாரம் ஷாப்ல புக் பண்ணியிருக்காரு. மன உளைச்சலுக்கும் சேர்த்து கேஸ் போடணும்ங்கறாரு.

தம்பி, டீலர் சிரிச்சது, நம்ம ஊர்க்காரர் சிபாரிசுன்னு நம்பிப் போனது, வீட்ல பேச்சு வாங்கினது, இதெல்லாம் வலிக்கும், எனக்குப் புரியுது, ஆனா கேஸ்ல இதுக்கு ஒரு டாலர் கூட தேறாது. வாரண்டி உண்டா இல்லையான்னு சொல்ற ஸ்டிக்கர டீலர் கண்ணாடியில ஒட்டவே இல்லன்னு ரெண்டு தடவ எழுதியிருக்கீங்க. அந்த ஃபெடரல் ரூல் 8,500 பவுண்டுக்கு கம்மியான ஜிவிடபிள்யூஆர் (லோடோட சேர்த்து வண்டி இருக்கலாம்னு கம்பெனி சொல்ற அதிகபட்ச எடை) இருக்கற வண்டிக்குத்தான், உங்க சைஸ் டீசல் பிக்கப்புக்கு கிடையாது. கன்ஸ்யூமர் சட்டமும் சொந்த, குடும்ப உபயோகத்துக்கு வாங்கினவங்களுக்குத்தான், நீங்க எல்எல்சி பேர்ல தொழிலுக்கு வாங்கினீங்க, அந்த கதவும் மூடிருச்சு.

உங்க கேஸ் மொத்தமும் அந்த மெசேஜ்ல இருக்கற ஒரே ஒரு வரிதான். "தாராளமா இழுக்கும்"ங்கறது இல்ல, அது வியாபாரப் பேச்சுன்னு தள்ளிடுவாங்க. "8,000 மைலுக்கு முன்னாடி முழுசா ரீபில்ட் பண்ணது"ங்கற வரி இருக்கே, அது சரிபார்க்கக்கூடிய உண்மை, ஒண்ணு நடந்திருக்கணும் இல்ல நடக்கல. 'ஆஸ் இஸ்'ங்கற வார்த்தை சட்டம் தானா குடுக்கற வாரண்டிய மட்டும்தான் அழிக்கும், விக்கிறவன் வாயால குடுத்த வாரண்டிய அது ஒண்ணும் பண்ணாது. இங்கதான் உங்களுக்கு பிடி இருக்கு.

ஆனா எதிர்ப்பக்கமும் ஒரு பிடி இருக்கு. நீங்க அனுப்பின பேப்பரோட ரெண்டாவது பக்கத்துல, கடைசிக்கு மேல, நாம பேசினது எல்லாம் இந்த பேப்பர்லயே அடங்கிருச்சு, வெளிய சொன்னது எதுவும் செல்லாதுன்னு ஒரு வரி இருக்கு, பார்த்தீங்களா? மிச்சிகன் கோர்ட்டுகள் அந்த வரிய ரொம்ப மதிக்கும். அத தாண்டணும்னா, மோசடி பண்ணி என்னை இந்த ஒப்பந்தத்துக்குள்ளயே இழுத்தான், எனக்கு ஒப்பந்தமே வேணாம், வண்டிய எடுத்துக்கோ பணத்த குடுன்னு நிக்கணும். வண்டிய வச்சுக்கிட்டே அப்படி நிக்க முடியாது.

இப்ப நான் பயப்படற விஷயத்துக்கு வர்றேன். லெட்டர்ல ஒரு மூலையில "வேற வழியில்லாம அஞ்சு வாரம் அத வச்சே ப்ளோ பண்ணேன்"னு எழுதியிருக்கீங்க. நான் பார்த்த கேஸ்கள்ல பாதி இப்படித்தான் வீணாப் போச்சு. வண்டி வேணாம்னு சொல்லணும்னா, குறை தெரிஞ்சதும் நியாயமான காலத்துக்குள்ள சொல்லணும், வண்டி நிலைமை உங்க கையால மாறுறதுக்கு முன்னாடி சொல்லணும். நீங்க ஸ்லிப் ஆகுற கியர்பாக்ஸ வச்சு அஞ்சு வாரம் பனி தள்ளினா, "குறை இருந்த வண்டிய இன்னும் கெடுத்தது இவர்தான், சொந்த வண்டி மாதிரி ஓட்டி சம்பாதிச்சிருக்காரு"ன்னு அவங்க வக்கீல் ஒரே கேள்வில முடிச்சிடுவாரு. இன்னிக்கே வண்டிய நிறுத்துங்க. வாடகைக்கு ஒண்ணு எடுங்க, பில் வைங்க. அந்த பில்ல காட்டினாத்தான் காண்ட்ராக்ட் நஷ்டத்த பத்தி பேசவே முடியும், நஷ்டத்த குறைக்க முயற்சி பண்ணலன்னா அதுவும் போச்சு.

அடுத்தது கியர்பாக்ஸ், இது இன்னும் மோசம். ஷாப்ல எக்ஸ்சேஞ்ச்ல ரீபில்ட் யூனிட் போட்டா, பழச 'கோர்'னு சப்ளையருக்கு திருப்பி அனுப்பிடுவாங்க, அதுக்கு டெபாசிட் பணமும் திரும்ப வரும், எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா 8,000 மைலுக்கு முன்னாடி ரீபில்ட் பண்ணதா இல்லையாங்கறதுக்கு ஒரே சாட்சி அந்த பழைய பெட்டிக்குள்ளதான் இருக்கு, கிளட்ச் ப்ளேட் தேய்மானம், சீல், உள்ள மாத்தின பாகம் எல்லாம் திறந்து பார்த்தாத்தான் தெரியும். என்கிட்ட ஒரு கிளையண்ட் எல்லாம் சரியா வச்சிருந்தாரு, மெசேஜ், ரசீது, போட்டோ. பெட்டி மட்டும் போன வாரமே லாரியேறிப் போயிருச்சு. அவருக்கு கைக்கு வந்தது ஒண்ணுமில்ல. அதே மாதிரி கம்ப்யூட்டர்ல இருக்கற ஃபால்ட் கோட், எஞ்சின் ஹவர்ஸ் எல்லாத்தையும் அழிக்கறதுக்கு முன்னாடி ஸ்கேன் பண்ணி எடுத்து வைங்க. பவர் பத்தலன்னு யாராவது ட்யூனர் (எஞ்சின் கம்ப்யூட்டர் செட்டிங்க மாத்தற கருவி) மாட்டு, டிபிஎஃப்ப (புகை வடிகட்டிய) கழட்டுன்னு சொன்னா கேக்காதீங்க. அது ஃபெடரல் சட்டத்துக்கு விரோதம், அதோட கியர்பாக்ஸ் போனதுக்கு காரணம் நீங்கதான்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்.

டிரைவர் கதவு ஓரத்துல இருக்கற லேபிள போட்டோ எடுங்க, முன் ஆக்சிலுக்கு எத்தன பவுண்ட்னு போட்டிருக்கும். டீசல் எஞ்சின் ஏற்கனவே முன்பக்கம் கனம், எட்டடி ப்ளோவும் ஏறினா அந்த அளவு தாண்டியிருக்கலாம். தாண்டியிருந்தா அதுவே அவங்களுக்கு ஆயுதம், முன்னாடியே தெரிஞ்சுக்கங்க. டெஸ்ட் டிரைவ்லயே கொஞ்சம் உதறுச்சுன்னு யார்கிட்டயும் எழுதாதீங்க, குறை தெரிஞ்சேதான் வாங்கினாருன்னு சொல்லிடுவாங்க; எழுதியிருந்தா என்கிட்ட மறைக்காதீங்க.

டீலருக்கு ஒரு பக்க நோட்டீஸ், சர்டிஃபைட் மெயில்ல. "கியர்பாக்ஸ் கெட்டுப்போச்சு"ன்னு மட்டும் எழுதினா பத்தாது, "நீ ஒப்பந்தத்த மீறிட்ட"ன்னு எழுதணும். 2002ல ஒரு பம்பர் கம்பெனி கேஸ்ல மிச்சிகன் அப்பீல்ஸ் கோர்ட் இத தெளிவா சொல்லியிருக்கு: பிரச்சனை இருக்கறது விக்கிறவனுக்கு தெரியும்ங்கறது மட்டும் நோட்டீஸ் ஆகாது. நீங்க போன் பண்ணி சண்டை போட்டது கணக்குல வராது.

இப்ப கேஸ் கணக்கு. ஸ்மால் க்ளெய்ம்ஸ், அதாவது சின்னத் தொகை வழக்குக்கான கோர்ட்டோட லிமிட் 7,000 டாலர், உங்க 6,800 அதுக்குள்ள அடங்கும், ஆனா மோசடின்னு சொல்லி அங்க போக முடியாது, வாரண்டி மீறல்னுதான் போகணும், அப்ப அந்த ரெண்டாவது பக்க வரி குறுக்க நிக்கும். அங்க வக்கீலும் கிடையாது, நீதிபதி முன்னாடி தோத்தா அப்பீலும் கிடையாது. மோசடின்னு போய் 27,500 முழுசா கேட்டா டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டோட 25,000 லிமிட்ட தாண்டி, அதுக்கு மேல இருக்கற சர்க்யூட் கோர்ட்டுக்குத்தான் போகணும். வக்கீல் ஃபீஸ், நிபுணர் ஃபீஸ் உங்க செலவு, ஜெயிச்சாலும் பொதுவா திரும்ப வராது, அதுவும் அஞ்சு வாரம் ஓட்டின வண்டிய வச்சுக்கிட்டு.

அதனால வெளிப்படையா சொல்றேன், செட்டில் பண்ணுங்க. பெட்டிய சுதந்திரமான ஒரு மெக்கானிக் திறந்து, ரீபில்ட் நடக்கவே இல்லன்னு எழுத்துல குடுத்தா, அந்த பேப்பரும் மெசேஜும் ஒண்ணா வச்சு 6,800 கேளுங்க, நாலாயிரத்துக்கு மேல எது வந்தாலும் கையெழுத்து போடுங்க. ரீபில்ட் நடந்திருக்குன்னு மெக்கானிக் சொன்னா கேஸ் இல்ல, வண்டிய சரிபண்ணி ஓட்டுங்க. இப்ப மொதல்ல ஷாப்புக்கு போன் பண்ணி, பழைய கியர்பாக்ஸ் எங்கயும் போகக்கூடாது, கோர் டெபாசிட்ட நானே கட்டிக்கறேன்னு சொல்லி, அத டெக்ஸ்ட்லயும் அனுப்பிடுங்க.