சீட்டுப் பணத்தில் கம்பெனிக்கு லேப்டாப்பா?

கேள்வி: பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். வாரத்தில் மூன்று நாள் தூத்துக்குடி, பெங்களூரு என்று அலைச்சல். போகிற இடத்திலிருந்தே டேலி, ஜிஎஸ்டி பார்க்க டேப்லெட் வாங்கலாமா, லேப்டாப்பா? மனைவி எடுக்கப்போகும் சீட்டுப் பணம் 60,000 இருக்கிறது, அதற்குள் முடிக்க வேண்டும்.
- கரூர் வாசகர்

பதில்: தம்பி, மனைவியின் சீட்டுப் பணத்தை ஏதோ சட்டைப் பையில் கிடக்கும் சில்லறை போலக் கடைசி வரியில் செருகியிருக்கிறீர்கள். கம்பெனி வேலைக்கான கருவியைக் கம்பெனிதானே வாங்க வேண்டும்? முதலாளி மறுத்தார் என்று கடிதத்தில் இல்லை. அப்படியென்றால் நீங்கள் கேட்கவே இல்லை. அவரிடம் வாய் திறக்கக் கூச்சம். வீட்டுப் பணத்தில் கை வைக்க மட்டும் கூச்சமில்லை.

கணக்கு எழுதுகிறவருக்கே கணக்கு சொல்ல வேண்டியிருக்கிறது. 50,000 ரூபாய் லேப்டாப்புக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 9,000. கம்பெனி பெயரில் பில் போட்டால் அந்த 9,000 இன்புட் கிரெடிட், அதாவது கம்பெனி கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிந்துவிடும். 50,000-க்கு வருமான வரியில் ஆண்டுக்கு 40 சதவீதம் வரை தேய்மானம். உங்கள் பெயரில் போட்டால் 59,000-மும் வீட்டுச் செலவு. பஸ்ஸில் தொலைந்தால் அதுவும் உங்கள் தலையில். இதை ஒரு தாளில் எழுதி முதலாளி மேஜையில் வையுங்கள்.

தாளில் டேப்லெட் கேட்காதீர்கள். டேலிபிரைம் விண்டோஸில் ஓடுவது. டேப்லெட்டில் ரிப்போர்ட் பார்க்கலாம், ரிமோட்டில் ஆபீஸ் கணினியையும் திறக்கலாம். ஆனால் விற்பனையைப் பதியும் சேல்ஸ் வவுச்சருக்குத் தட்ட வேண்டிய எஃப்8 விசை எங்கே? திரையில் கீபோர்டை வரவழைத்தால் அது பாதி வவுச்சரை மூடிக்கொள்ளும். ஜிஎஸ்டி ரிட்டர்னில் கையெழுத்துப் போட டிஎஸ்சி டோக்கன் வேண்டும், டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி குச்சி அது. அதற்கான மென்பொருள் டேப்லெட்டில் ஏறாது. (அந்தக் கையெழுத்து முதலாளியுடையது என்றால் டோக்கன் உங்கள் பையில் இருக்கவே கூடாது.)

14 அங்குலம், எடை 1.4 கிலோவுக்குள், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் ப்ரோ. டோக்கனுக்குப் பழைய அகலமான யுஎஸ்பி துளை ஒன்றாவது இருக்கட்டும். பேட்டரி அதிக நேரம் நிற்கிறதே என்று வழக்கமான இன்டெல், ஏஎம்டி சிப்புக்குப் பதில் ஏஆர்எம் வகை சிப் உள்ளதை எடுத்துவிடாதீர்கள். டோக்கன் டிரைவர் அதில் ஏறாமல் போகலாம். 14 அங்குலத்தில் பெரும்பாலும் நம்பர் பேட் இருக்காது, யுஎஸ்பி நம்பர் பேட் ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். வந்தவுடன் எஃப்என் லாக்கைப் போடுங்கள். இல்லாவிட்டால் எஃப் விசையைத் தட்டும்போது வவுச்சருக்குப் பதில் வெளிச்சமும் சத்தமும்தான் மாறும். தொலைந்தாலும் கணக்கு வெளியே போகாமலிருக்க, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரையும் இயக்குங்கள்.

வெளியூரில் கழுத்தறுப்பது பெரும்பாலும் நீங்கள் ரிமோட்டில் திறக்கும் ஆபீஸ் கணினிதான். அதிலும் விண்டோஸ் ப்ரோ வேண்டும், ஹோம் பதிப்புக்குள் ரிமோட் டெஸ்க்டாப் நுழையாது. ஸ்லீப்பை நிறுத்துங்கள். கரண்ட் போய் வந்தால் தானே எழும்படி பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்பில்) மாற்றுங்கள், ரௌட்டருக்கும் யுபிஎஸ் கொடுங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசலான 3389 போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறந்துவைப்பவர்களும் உண்டு. கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர்க்காரன் தேடுவதே அதைத்தான். விபிஎன் என்னும் பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக மட்டும் போங்கள்.

முதலாளி மறுத்தால், அவசரக் கணக்கை ஆபீஸுக்கு வந்துதான் பார்க்க முடியும் என்று சொல்லிவிடுங்கள். அந்தச் சீட்டை உங்கள் மனைவி எதற்காகக் கட்டினார் என்று நீங்கள் எழுதவில்லை. இன்று வீட்டுக்குப் போனதும் கேளுங்கள்.